மூன்று வண்டிகள், ஒரே இறுக்கம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. சண்டை போட இதை எழுதவில்லை, காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

என் வண்டி பதினான்கு வருஷம் உழைத்துவிட்டு இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கிறது. என் வேலை உனக்குத் தெரியும். ஆற்றோரமாக மேலே போய்ப் பதினோரு இடத்தில் அளவுகோலை இறக்கி, நீர்மட்டம் எவ்வளவு என்று பார்த்து, சாயங்காலத்துக்குள் திரும்பி அத்தானிடம் சொல்ல வேண்டும். அவர் ஒயர்லெஸ்ஸில் அணைக்குச் சொல்வார். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே மதகைத் திறப்பதும், கீழே குடியிருப்பவர்களை எச்சரிப்பதும். போய்வர முப்பத்தெட்டு கிலோமீட்டர். அதில் பாதிக்குப் பாதையே கிடையாது, பாறைதான்.

ஆபீசில் புது வண்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதச் சம்பளம் அளவுக்குத் தருவார்கள், அதற்கு மேல் ஆனால் நான் போட்டுக்கொள்ள வேண்டும். கல்லிலும் மண்ணிலும் ஓடுகிற எண்டியூரோ வண்டிதான் எனக்குச் சரிப்படும். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் எந்த வண்டி வாங்கலாம் என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறாய், கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி சொல்லக்கூடாதா? வயது நாற்பத்தாறு ஆகிறது. என் உயரத்தைப் பற்றி நீ சின்ன வயதிலிருந்து செய்த கிண்டல் போதும். விழுந்தால் வண்டியைத் தூக்கிக் கொடுக்க அங்கே ஆள் கிடையாது, நானேதான் நிமிர்த்த வேண்டும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சொல்.

போன் கோபுரம் இந்த வருஷம் வரும் என்று போன வருஷமும் சொன்னார்கள். வாரம் ஒருமுறை சாமான் லாரி வருகிறது, தபாலும் அதில்தான், அதனால் கடிதமே போடு.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு வலது தோள்பட்டையில் கொஞ்சம் பிடிப்பு, ஒருக்களித்துப் படுத்ததால் வந்தது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. இந்த வருஷத்துப் புது எண்டியூரோ வண்டிகள் மூன்றை ஒப்பிட்டு எழுதச் சொல்லி ஆசிரியர் என் தலையில் கட்டியிருக்கிறார். மூன்றும் மூன்று கம்பெனி. பட்டறையில் வரிசையாக நிற்கின்றன. பெயர் வைத்தாகிவிட்டது.

முதலாவது ஒல்லி. டூ ஸ்ட்ரோக். நூற்று நான்கு கிலோதான், ஆனால் விலை உன் கணக்கில் பதின்மூன்று மாதச் சம்பளம். எடை குறையக் குறைய விலை ஏறுவது இந்தத் தொழிலில் மட்டும்தான். இரண்டாவது நடுவான். நூற்றுப் பதினேழு கிலோ, ஒன்பது மாதம். மூன்றாவது குண்டன். நூற்று முப்பத்தெட்டு, ஐந்தரை மாதம். பார்த்தால் சாது.

இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் போட்டிருக்கும் எடை. என் சோதனை தனி என்று உனக்குத் தெரியும். சரிவில் வண்டியைப் படுக்கவைத்துப் பத்துத் தடவை நிமிர்த்துவேன். பத்தாவது தடவை மூச்சு எப்படி இருக்கிறதோ அதுதான் வண்டியின் உண்மையான எடை. அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன், அவசரப்படாதே.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம், உன் தோள்பட்டையைத் தவிர மற்றதெல்லாம் நலம்தானே? வெந்நீர் ஒத்தடம் கொடு. தைலத்தை நம்பாதே.

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அப்போதும் போதவில்லை என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் தம்பி என்ன, காகிதம் விலை ஏறிடும்னு பயந்து எழுதறானா?" என்றார். கொஞ்சம் பெரிதாக எழுது.

இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். ஒரு வாரமாகப் பதினோரு இடத்திலும் நீர்மட்டம் சரியாக நான்கு சென்டிமீட்டர் குறைவாகக் காட்டியது. புதிதாக வந்த இன்ஜினியர் ஆறு வற்ற ஆரம்பித்துவிட்டது என்று அறிக்கையே எழுதிவிட்டார். நான், "சார், ஆறு அகலமான இடத்துல ஒரு மாதிரி குறையும், இடுக்குல வேற மாதிரி குறையும். எல்லா இடத்துலயும் அளவு பார்த்து நாலு நாலா குறையாது" என்றேன். கோலைத் திருப்பிப் பார்த்தால், தேய்கிறதே என்று அடியில் இரும்புப் பூண் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பூண் நான்கு சென்டிமீட்டர், கோல் அவ்வளவு மேலே ஏறி நின்றிருக்கிறது. இன்ஜினியர் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, வண்டிக்கு வா. இருக்கை எவ்வளவு உயரம்? கால் ஊன்ற முடியுமா? உதைத்துத்தான் கிளப்ப வேண்டுமா, பொத்தான் உண்டா? கல்லுக்கு நடுவே மெதுவாகப் போகும்போது எது துள்ளாமல் போகும்? இதெல்லாம் எழுது.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பற்றியும் எழுது. பூண் கதையைப் பட்டறையில் சொன்னேன், மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒல்லியை ஒன்பது நாள் ஓட்டினேன். வளைவில் நாம் நினைப்பதற்கு முன்னால் அதுவே திரும்பிவிடுகிறது. பாறைக்குப் பாறை தாவுகிறது. ஆனால் மெதுவாகப் போகப் பிடிக்காது அதற்கு, முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலை வேறு. இருக்கையில் உட்கார்ந்தால் உனக்குக் கட்டைவிரல் நுனி தரையில் படும், அவ்வளவுதான்.

ஒரு குறை. ஆக்சிலேட்டர் இறுக்கமாக இருக்கிறது. முறுக்கினால் தயங்கித் தயங்கி வருகிறது, விட்டால் திரும்பவும் தயங்குகிறது. இவ்வளவு விலை வாங்குகிறவன் இதைக் கவனிக்க வேண்டாமா? மெக்கானிக்கிடம் சொல்லி கேபிளை மாற்றினேன். அப்போதும் அதே கதை. அவன், "அண்ணே, புது கேபிள். நானே கிரீஸ் போட்டேன். இதுல எங்க இறுக்கம்?" என்கிறான். சின்ன வயசு, கையில் உணர்வு இன்னும் பழகவில்லை.

படுக்கவைத்து நிமிர்த்தும் சோதனையை ஏழோடு நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். காகிதத்தில் நூற்று நான்கு என்று போட்டிருக்கிறார்கள், என் கைக்கு நூற்று இருபதுக்குக் குறையாது. அடுத்தது குண்டன்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது, வேலை. வேறு ஒன்றுமில்லை.

குண்டனையும் நடுவானையும் ஓட்டியிருப்பாய். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், அவற்றின் ஆக்சிலேட்டர் எப்படி இருக்கிறது? விவரமாக, ஒரு பக்கம் முழுக்க, உன் கையாலேயே எழுது. அவசரமில்லாமல் உட்கார்ந்து எழுது.

தோள்பட்டை எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தோள்பட்டை அப்படியேதான் இருக்கிறது, அதற்காக வேலை நிற்கவில்லை.

ஒரு பக்கம் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். போன மாதம் குண்டன் என்னைக் கீழே தள்ளியது. பயப்படாதே, முட்டி சிராய்ப்புதான். சரிவில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட நினைத்தேன். நான் விட்டேன், வண்டி விடவில்லை. முறுக்கின இடத்திலேயே கைப்பிடி ஒட்டிக்கொண்டது. முன்சக்கரம் பள்ளத்தில் போய்விட்டது. எழுந்திருந்து நிமிர்த்தப் பார்த்தால் முடியவில்லை, மெக்கானிக் ஓடிவந்து பிடித்தான். இதை நீ வாங்கவே கூடாது. நீ மட்டுமில்லை, யாருமே வாங்கக்கூடாது. "கைப்பிடி ஒட்டிக்கொள்ளும் வண்டி, உயிருக்கு ஆபத்து" என்று அப்படியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் இதழில் வருகிறது. சின்னக் கம்பெனி, இதோடு எழுந்திருக்க மாட்டார்கள் என்று ஆசிரியர் தயங்கினார். உண்மையை எழுதத்தானே சம்பளம் வாங்குகிறேன் என்றேன்.

நடுவான் அமைதி. கல்லுக்கு நடுவே நடை வேகத்தில் போனாலும் இன்ஜின் அணையவில்லை. பொத்தான் உண்டு, இருக்கையை இரண்டு சென்டிமீட்டர் இறக்கலாம். அதிலும் ஆக்சிலேட்டர் இறுக்கம்தான். இந்த வருஷம் எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒரே கடையில் கைப்பிடி வாங்குகிறார்கள்போல.

ஒரு நல்ல செய்தி. ஆகஸ்டில் நடுவானை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறேன். உன் பதினோரு இடத்துக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் எனக்கும் திருப்தி. நீ பின்னால் உட்கார்ந்து வழி சொல்லு.

அன்புடன்,
தம்பி


ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மாதமாக இவருக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். கேட்டால், "இப்பல்லாம் ஓட்டையைச் சின்னதா தைக்கிறானுங்க" என்கிறார். பழைய சட்டைக்கும் அதையேதான் சொல்கிறார். இடது கையால் பல் துலக்குகிறார். நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. உங்களுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பேனா சரியில்லை என்று மூன்று பேனா மாற்றினார்.

டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து பட்டறைக்குப் போய்விடுகிறார். உங்கள் பேச்சை ஒருவேளை கேட்பார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதுவதை நான் இப்போது நம்பவில்லை, அதனால் கேட்கவும் இல்லை.

பிஸ்கட் டப்பாவில் உன் கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் வந்ததைப் படித்ததும் டப்பாவைத் திறந்து, ஆபீஸ் அளவுகோலை வைத்து அளந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ எழுதின "அக்கா"வில் அந்த முதல் எழுத்து நாலரை மில்லிமீட்டர். இந்த மார்ச்சில் மூன்று. ஏப்ரலில் இரண்டரை. நான் தப்பாக அளந்திருப்பேன் என்று ஆறு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டு பதில் எழுதாமல் இருந்தேன். அதற்காகத்தான் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஜூன் கடிதத்தில் இரண்டுகூட இல்லை. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் முதல் சொல்லைவிடச் சின்னதாக இருக்கிறது.

மூன்று வண்டி, மூன்று கம்பெனி, மூன்றிலும் ஒரே இறுக்கம். கேபிளை மாற்றினாலும் அதே இறுக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் நூற்று ஐம்பது கிலோ வண்டியைப் பத்துத் தடவை நிமிர்த்திவிட்டு டீ குடித்ததாக எழுதியவன், நூற்று நான்கை ஏழோடு விட்டிருக்கிறாய். பதினோரு இடத்திலும் ஒரே தப்பு வந்தபோது நான் ஆற்றைத் திட்டவில்லை, கோலைத் திருப்பிப் பார்த்தேன். இங்கே கோல் உன் கை.

நரம்பு டாக்டரிடம் போ. நாளைக்கே போ. அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கு. குண்டனைச் செய்தவர்கள் உனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வராதே. எனக்காகவும் பயம், உனக்காகவும் பயம். இதை எழுதும்போது அழுதேன், எழுதி முடித்துவிட்டு முகம் கழுவினேன்.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். தண்ணீரில் கோலை விடுகிறவர்கள் எனக்கு என் கையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டாவிட்டால் நான் யார் என்று நீயே சொல்.

இதை டைப் அடித்திருக்கிறேன். உனக்கு அளக்கிற சிரமம் வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புத் தம்பிக்கு,

டைப் அடித்த கடிதம் வந்தது. அளந்தேன். எல்லா எழுத்தும் ஒரே உயரம், நல்ல மெஷின்.

உன்னிடம் மறைத்த ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். என் வண்டி மே மாதமே நின்றுவிட்டது. சொன்னால் கையில் கிடைத்த வண்டியில் ஏறிக்கொண்டு வந்து நிற்பாய் என்று சொல்லவில்லை. நடந்துதான் போகிறேன். ஒரு நாளைக்கு நான்கு இடம்தான் முடிகிறது. மழை பிடித்துவிட்டது. போன வாரம் ஏழாவது இடத்தில் ஒன்றேகால் மீட்டர் ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கீழே வருவதற்குள் மூன்று மணி நேரம். அணையில் எச்சரிக்க நேரமில்லாமல் மதகைத் திறந்தபோது கீழே ஒரு மரப்பட்டறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆட்கள் கூரைமேல் ஏறித் தப்பித்தார்கள். அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

வேறு யாரையாவது கேட்டு ஒரு வண்டி வாங்கு என்கிறார் அத்தான். நீ ஓட்டிப் பார்க்காத வண்டியில் நான் இதுவரை ஏறியது கிடையாது. இப்போது நீ சொல்வதையும் நம்ப முடியவில்லை. என் கஷ்டம் அவ்வளவுதான். இன்னும் இரண்டு லாரி வரும்வரை காத்திருப்பேன், அப்புறம் கடைக்காரன் கொடுப்பதை எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். இரண்டு கோட்டையும் தொட்டு எழுதப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேரம் ஆகிறது, பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மூன்று வண்டியையும் அதே சரிவில் ஓட்டச் சொன்னேன். கீழே கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றையும் ஏற்றி இறக்கிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். "சொல்லுடா" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, மூணுமே வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றான். ஏப்ரலிலிருந்து அவனுக்குத் தெரியும், என்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் கைக்குப் பழக்கம் போதாது என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் என்னை வராந்தாவில் நடக்கவிட்டார். விரலைத் தட்டச் சொன்னார். காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார், அது உள்ளே போகப் போக நெருங்கிக்கொண்டே போயிற்று. பார்க்கின்சன் என்றார். ஆரம்பம்தான், மாத்திரை இருக்கிறது, பல வருஷம் நன்றாக ஓட்டலாம் என்றார். வாழ்க்கையைச் சொன்னார், வண்டியை இல்லை. எழுத்து சின்னதானதை முதலில் யார் கவனித்தது என்று கேட்டார். "ஆறு அளக்கிற எங்க அக்கா" என்றேன்.

கட்டுரையை அச்சுக்குப் போகிற அன்றுதான் திரும்ப வாங்கினேன். காரணம் சொல்லாமல் வாங்க முடியவில்லை. ஆசிரியர் வெகுநேரம் மேசையில் இருந்த குண்டூசியை நகர்த்திக்கொண்டிருந்தார். ஓட்டுகிற வேலை இனி கிடையாது. மேசை வேலை உண்டா என்று யோசித்துச் சொல்வாராம்.

இப்போது உன் வண்டி. இது என் கை சொல்வதில்லை, மெக்கானிக் ஓட்ட என் கண் பார்த்தது. ஒல்லி பந்தயத்துக்கு நல்லது, நாள்தோறும் வேலைக்குப் போகிறவளுக்கு இல்லை. குண்டன் யோக்கியமான வண்டி, நான்தான் அதன்மேல் பழி போட்டேன். ஆனால் உன்னால் அதைத் தனியாக நிமிர்த்த முடியாது. நடுவானை வாங்கு. இருக்கையை இறக்கி, இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் தகடு போட்டு மெக்கானிக் இந்த லாரியிலேயே ஏற்றிவிடுகிறான். மேலே ஆகிற ஒரு மாதச் சம்பளத்தைப் பற்றிப் பேசாதே.

ஆக்சிலேட்டர் எப்படி இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்து எழுது. எனக்காக மாற்றி எழுதாதே.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 10

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தான் சுகம், நானும் சுகம். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாய் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தை அளந்தேன். முதல் வரி ஐந்து மில்லிமீட்டர், கடைசி வரி மூன்றரை. அடுத்த கடிதத்தில் கடைசி வரி நான்காவது இருக்க வேண்டும், நான் விடமாட்டேன்.

வண்டி வந்து சேர்ந்தது. உன் முறைப்படி சரிவில் படுக்கவைத்துப் பத்துத் தடவை நிமிர்த்தினேன். பத்தாவது தடவை மூச்சு வாங்கியது, ஆனாலும் நிமிர்ந்தது. மூன்று வாரமாகப் பதினோரு இடத்துக்கும் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். நேற்று ஏழாவது இடத்தில் மறுபடி ஒரு மீட்டர் ஏறியது. நாற்பது நிமிஷத்தில் அத்தானிடம் எண்ணைச் சொல்லிவிட்டேன். கீழே எல்லோரும் சாமானோடு மேட்டுக்கு ஏறிவிட்டார்களாம்.

நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன். முதல் நாள் வண்டியைக் கிளப்பாமல், கொட்டகையில் நிறுத்திவைத்துக் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தேன். விட்டுவிட்டு மறுபடி முறுக்கினேன். அத்தான் வந்து, "என்ன பண்ற?" என்றார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது இறுகினால் போதும், டாக்டர் சொன்னது தப்பு, நான் அளந்ததும் தப்பு, என் தம்பி சொன்னதுதான் சரி என்று ஓடிவந்து உனக்கு எழுதிவிடலாம் என்று நின்றேன்.

இறுகவே இல்லை, தம்பி.

இப்படிக்கு,
அக்கா